மூன்று கோடுகளும் ஒரு பூஜ்யமும்



நர்ஸ் ஒருத்தியிடம் கட்டுரை கேட்டால் நைட் ட்யூட்டி, கொரோனா காலம், கடைசி மூச்சில் கையைப் பிடித்துக்கொண்ட நோயாளி என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அவை எல்லாம் என்னிடமும் உண்டு. ஆனால் இந்தச் சபையில் உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறீர்கள், மீதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ அதில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆகவே இந்த முறை ஒரு கேபிளைப் பற்றி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கருவிகளின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். எங்களுக்கு அவற்றின் முதுகும் பழக்கம். கட்டிலைத் தள்ளும்போதும், சிக்கின வயர்களைப் பிரிக்கும்போதும் கண்ணில் படுவது முதுகுதான். பல மானிட்டர்களிலும் வென்டிலேட்டர்களிலும் அங்கே ஒன்பது ஊசி உள்ள ஒரு சிறிய சாக்கெட் இருக்கும். அதுதான் சீரியல் போர்ட். ஆர்.எஸ். 232 என்கிற அந்த முறை வந்தது 1960ஆம் ஆண்டில். உங்கள் லேப்டாப்பில் அது இல்லை, நீங்கள் பார்த்தும் இருக்க மாட்டீர்கள். மருத்துவக் கருவிகள் விலை அதிகம், பத்து பதினைந்து வருஷம் உழைக்கும். அதனால் இந்தப் பழைய வாசலும் அங்கே அடைபடாமல் இருக்கிறது.

சீரியல் என்றால் வரிசை. எட்டு பிட்டை எட்டுக் கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. ஆராதனை முடிந்து பிரியாணிக்கு நாம் நிற்கிற வரிசையைவிட இது ஒழுங்கானது, யாரும் நடுவில் நுழைவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 'இதோ வருகிறேன்' என்று ஒரு பிட், பின்னால் 'முடிந்தது' என்று ஒரு பிட். ஆக ஓர் எழுத்துக்குப் பத்து பிட். 9600 பாட் வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்து. நெட்ஃபிளிக்ஸுக்கு இது போதாது. ஒரு மனிதனின் ஆக்சிஜன் அளவையும் நாடித் துடிப்பையும் சொல்ல இதில் பத்தில் ஒரு பங்கே அதிகம்.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது என் அப்பாவால். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வயது எழுபத்து நான்கு. இளம்வயதில் வந்த காசநோய் மருந்தில் குணமாகிவிட்டது, ஆனால் வலது நுரையீரலில் தழும்பை விட்டுப் போயிற்று. ஊரில் அது பெரிதாகத் தெரியவில்லை. இங்கே வந்து இரண்டு வாரத்தில், காலையில் எழும்போது தலைவலி, பகலெல்லாம் தூக்கம். அவர்கள் 'ஜெட் லாக்' என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஜெட் லாக் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் பார்த்துவிட்டு, இரவில் ஆக்சிஜன் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது என்றார். மேஜைமேல் வைக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாடகைக்கு வந்தது. விரலில் மாட்டினால் இரவெல்லாம் அளக்கும். அதன் திரையில் அந்த நேரத்து எண் மட்டும்தான் தெரியும். விடிய விடிய நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத முடியாது, மறுநாள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் உண்டு. திருப்பிப் பார்த்தேன். முதுகில் சீரியல் போர்ட்.

நம் வாலிபர் குழுவில் ரோபாட்டிக்ஸ் பைத்தியமான தம்பி ஒருவர் உண்டு. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். சனிக்கிழமை மத்தியானம் யு.எஸ்.பி. கன்வெர்ட்டரோடு வந்தார். லேப்டாப்பில் மாட்டியதும் புதிய போர்ட் ஒன்று தெரிந்தது. அதன் பெயர் 'டி.டி.ஒய்' என்று தொடங்கியது. பக்கத்தில் நாற்காலியில் காபியோடு இருந்த அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"டி.டி.ஒய்யா? தம்பி, அது டெலிடைப்ரைட்டர்லா!"

அப்பா தபால் தந்தித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள். திருநெல்வேலித் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் ஆப்பரேட்டர். சென்னை கிண்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் செய்த மெஷின்களில்தான் அவர்கள் விரல் தேய்ந்தது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றுபோன அன்று அவர்கள் ரிடையர் ஆகிவிட்டிருந்தார்கள், ஆனாலும் அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்கள். லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் இந்தப் போர்ட்டுக்கு இன்றைக்கும் டி.டி.ஒய் என்று பெயர் இருப்பது அந்த மெஷின்களின் நினைவாகத்தான். தம்பிக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. பாட் என்பது எமில் போடோ என்கிற பிரெஞ்சுத் தந்திக்காரரின் பெயர். அவர் 1870களில் ஓர் எழுத்துக்கு ஐந்து பிட் என்று ஒரு முறை செய்தார். அப்பாவின் மெஷின் 50 பாட், நிமிஷத்துக்கு 66 சொல். முன்னால் ஒரு ஸ்டார்ட், பின்னால் ஒன்றரை ஸ்டாப். "வரி முடிஞ்சா ஏன் ரெண்டு எழுத்து அனுப்பணும்னு கேளு" என்றார்கள். தம்பி கேட்டார். ஒன்று, அச்சடிக்கும் பாகத்தை இடப்பக்கம் ஓட வைக்க. மற்றது, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள. கனமான இரும்பு ஓடித் திரும்ப நேரம் வேண்டும், அதனால் ஓடச் சொல்லும் எழுத்தை முதலில் அனுப்பினார்கள். இன்றைக்கு ஓட எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஆக்சிமீட்டர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13, 10 என்று அதே இரண்டு எழுத்தை அனுப்புகிறது.

வேகத்தைச் சரியாக வைத்ததும் திரையில் வரி ஓட ஆரம்பித்தது. இரண்டு வினாடிக்கு ஒரு வரி. இப்படி:

02:14:06   94    71   38
02:14:08   94    72   36
02:14:10   ---   ---   ---
02:14:12   86*   88   12

முதலில் நேரம், அடுத்து ஆக்சிஜன் சதவீதம், அடுத்து நாடி, கடைசியில் துடிப்பின் பலம். நட்சத்திரக் குறி என்றால் அந்த எண் அலாரம் எல்லையைத் தாண்டிவிட்டது. மூன்று கோடு என்றால் அளக்க முடியவில்லை. நடுநடுவே தலைப்பு வரி ஒன்று வந்து போகும்.

இதைக் கோடில் படிப்பது சுலபம் என்று தம்பி நினைத்தார். பைதானில் பை-சீரியல் என்று ஒரு லைப்ரரி, நாலு வரி எழுதினால் போதும் என்றார். நாலு வரி போதவில்லை. ஏன் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ரோபாட்டிக்ஸ் பிள்ளைகளுக்கு உதவும்.

சீரியல் போர்ட் உங்களுக்கு வரிகளைத் தருவதில்லை, எழுத்துகளைத்தான் தருகிறது. நீங்கள் கேட்கிற நேரத்தில் பாதி வரிதான் வந்திருக்கும். '02:14:06   9' வரைக்கும் ஒரு முறை, '4    71   38' அடுத்த முறை. முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு இடைவெளியில் வெட்டினால் அப்பாவின் ஆக்சிஜன் 9 ஆகிவிடும். அந்த எண்ணோடு யாரும் உயிரோடு இருக்க முடியாது. ஆகவே வருகிறதையெல்லாம் ஒரு பக்கம் சேர்த்து வைத்து, அந்த 13, 10 வந்த பிறகுதான் வரி என்று எடுக்க வேண்டும். 'ரீட்லைன்' என்கிற கட்டளை அதைச் செய்யும். ஆனால் அதற்கு டைம்அவுட் வைத்திருந்தால், நேரம் முடிந்ததும் கையில் இருக்கிற பாதி வரியை அப்படியே உங்களிடம் தந்துவிடும், எந்தக் குறையும் சொல்லாது. கடைசியில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கேபிளை மாட்டியதும் வருகிற முதல் வரியும் நடுவிலிருந்து தொடங்கியதாக இருக்கும், அதைக் கீழே போட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் நான் கண்டிப்பாகச் சொன்னேன். வந்த வரியை வந்தபடியே முதலில் ஒரு ஃபைலில் எழுது, பிறகு பிரித்து எடு. எங்கள் சார்ட்டிங்கில் உள்ள பழக்கம் இது. காகிதத்தில் எழுதிய காலத்தில், தவறாக எழுதிய எண்ணை அடித்து மறைக்கக் கூடாது, ஒயிட்னர் கூடவே கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் படித்தபோது எங்கள் டியூட்டர் இதற்காகவே முழு ரெக்கார்டைத் திரும்ப எழுத வைப்பார். தம்பி சற்று முகம் சுளித்தார், ஆனால் செய்தார்.

இன்னும் இரண்டு காரியம், நர்ஸாக. மனிதர்மேல் மாட்டியிருக்கிற கருவியோடு உங்கள் லேப்டாப்பை இணைக்கும்போது சுவர் மின்சாரத்தில் சொருகியபடி இணைக்காதீர்கள். பேட்டரியில் ஓடட்டும், இல்லையென்றால் மின்சாரத்தைத் தனியாகப் பிரிக்கிற மருத்துவ அடாப்டர் வேண்டும். கருவியின் கையேட்டிலும் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்று இருக்கும், அதைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. நீங்கள் எழுதின புரோகிராம் குறிப்பு எடுக்கத்தான், காவல் காக்க அல்ல. கருவியின் சொந்த அலாரத்தை நாங்கள் ஒருநாளும் அணைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தம்பி முதல் இரவின் கணக்கைக் காட்டினார். எட்டு மணி நேரம், 14,400 வரி. சராசரி ஆக்சிஜன் 89. 88க்கோ அதற்குக் கீழோ இருந்தது 34 நிமிடம். கிராஃபில் கோடு மூன்று இடத்தில் தரைவரை விழுந்திருந்தது.

இந்த எண்களுக்கு எடை உண்டு. தூக்கத்தில் குறைந்தது 5 நிமிடம் 88 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வீட்டில் ஆக்சிஜன் தரலாம் என்பது மெடிகேர் வைத்திருக்கிற அளவு. அப்பா விசிட்டர் விசாவில் வந்தவர்கள், மெடிகேர் கிடையாது. ஆனாலும் இங்கே டாக்டர்கள் மனதில் இருக்கிற கோடு அதுதான். அதோடு அக்டோபருக்குள் அப்பா ஊர் திரும்பியாக வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 8000 அடி உயரத்து மலையில் இருக்கிற அளவுக்குக் குறையலாம், ஊட்டியைவிடச் சற்று உயரம். தரையில் படுத்திருக்கும்போதே 89 என்றால் அங்கே என்ன ஆகும்? என் கணவர் அன்றைக்கே டிக்கெட்டை கேன்சல் செய்யலாமா என்று கேட்டார்.

நான் தரைவரை விழுந்த இடங்களைப் பார்த்தேன். ஆக்சிஜன் பூஜ்யம், நாடியும் பூஜ்யம். ஒரு மணிக்கு ஏழு நிமிடம், மூன்றரைக்கு எட்டு நிமிடம், நடுவில் ஐந்து. நாடி பூஜ்யமாக எட்டு நிமிடம் இருந்தவர்கள் காலையில் என்னிடம் உப்புமாவுக்கு உப்பு போதாது என்று சொல்ல மாட்டார்கள். அப்பா இரண்டு தடவை பாத்ரூம் போயிருக்கிறார்கள், ஒரு தடவை அரிக்கிறது என்று கிளிப்பைக் கழற்றியிருக்கிறார்கள். கருவி சொன்னது மூன்று கோடு. எண்ணாக மாற்ற முடியாததைப் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று தம்பியின் புரோகிராமில் ஒரு வரி இருந்தது. அது எங்கேயும் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காக.

கணக்கைப் பாருங்கள். 20 நிமிடம் என்றால் 600 வரி. மீதி 13,800 வரியின் சராசரி 93. அந்த 600 பூஜ்யத்தைச் சேர்த்து 14,400ஆல் வகுத்தால் 89. நல்ல நுரையீரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு மனிதரை, ஒரே ஒரு வரி கோடு ஆபத்தான மனிதராக்கிவிட்டது.

"அளக்க முடியலன்னா அது பூஜ்யம் இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் சிரித்தார். பைதானில் அதற்கு 'நன்' என்று தனியாகவே ஒரு சொல் உண்டாம். மாற்றி எழுதினார்.

ஆனால் கதை அதோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. பூஜ்யங்களை எடுத்த பிறகும் 88க்குக் கீழே 14 நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் ஆறு நிமிடம் ஒரே தொடர்ச்சி, விடியற்காலை நாலு மணிக்கு மேலே. அந்த இடத்தில் துடிப்பின் பலம் நன்றாக இருந்தது, நாடி கொஞ்சம் கூடியிருந்தது. விரல் அசைந்ததால் வந்த எண்ணில் அப்படி இருக்காது. அது உண்மையான இறக்கம். எல்லா அசிங்கமான எண்ணையும் 'கருவியின் கோளாறு' என்று தூக்கிப் போட்டிருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்போம். ஆகவே அறிக்கையில் மூன்று காரியமும் தனித்தனியாக வரும்படி செய்தோம்: அளந்தது எவ்வளவு நேரம், அளக்க முடியாதது எவ்வளவு நேரம், அளந்ததில் 88க்குக் கீழே எவ்வளவு. ஒன்பது இரவு எடுத்தோம். ஐந்து இரவில் விடியற்காலை இறக்கம் இருந்தது.

உண்மை எது, பொய் எது என்கிற இந்தத் தொல்லை வீட்டில் ஒரு கருவியோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அது எவ்வளவு பெரிது என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே கணக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பார்பரா ட்ரூ என்கிற நர்ஸ் ஆராய்ச்சியாளர் தலைமையில், ஐந்து ஐ.சி.யூ.க்களின் 77 படுக்கை மானிட்டர்களிலிருந்து 31 நாள் எல்லாத் தகவலையும் சேமித்தார்கள். 2014இல் வெளியிட்டார்கள். அலாரங்கள் மொத்தம் 25,58,760. காதில் கேட்கும்படி அடித்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று அடித்த 12,671 அலாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அவற்றில் 88.8 சதவீதம் பொய். ஓயாமல் பொய் சொல்கிறவனை யார் நம்புவார்கள்? நாளடைவில் காது மரத்துப்போகும். அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தனக்கு வந்த அலாரம் சம்பந்தமான 98 சம்பவங்களைச் சொல்லியிருக்கிறது. அவற்றில் 80 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் 2014இலிருந்து அலாரங்களை ஒழுங்குபடுத்துவது ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டாயமாயிற்று.

நான் சந்தோஷப்படுகிறது, அந்த வேலையை ஒரு நர்ஸ் செய்தார் என்பதில். எந்த அலாரம் பொய் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியும். அதை எண்ணாக்கிக் காட்டக் கோடு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காருவது இன்னும் அபூர்வமாகத்தான் நடக்கிறது.

டாக்டரிடம் ஒன்பது இரவையும் ஒரே பக்கத்தில் எடுத்துப் போனோம். தம்பியும் வந்தார், பள்ளிக்கு லீவு போட்டு. டாக்டர் 'அளக்க முடியாத நேரம்' என்கிற பத்தியைத்தான் முதலில் படித்தார். இதை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது, முறைப்படி டெஸ்ட் எடுக்க வேண்டும், ஆனால் எடுக்க வேண்டும் என்பதற்கு இது போதும் என்றார். பிறகு அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டு இரத்தக்குழாயிலிருந்து நேராக இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அதற்குக் காரணம் அப்பாவின் நிறம். பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளி ஒன்றையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்றையும் அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த வழி. அதை ஆபரேஷன் தியேட்டர்களில் பரப்பிய நெல்கோர் கம்பெனி 1981இல் தொடங்கியது நம் ஹேவர்டில்தான். ஆக்சிஜன் குறையும்போது பீப் சத்தத்தின் சுருதி இறங்குகிறதே, அது அவர்கள் கருவியில் வந்தது. இன்றைக்கும் நான் திரையைப் பார்க்காமல் அந்தச் சுருதியை வைத்தே திரும்பிவிடுவேன். ஆனால் கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும். சான் பிரான்சிஸ்கோவில் பிக்லர் குழுவினர் 2005இலேயே இதை எழுதினார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வுதான் எல்லாரையும் எழுப்பியது: கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7. நம் தோலும் வெளிர் தோல் அல்ல.

அன்றைக்கு விரலில் 93. இரத்தத்தில் 90.

கோடில் எந்தத் தவறும் இல்லாமல், ஒவ்வொரு வரியையும் ஒழுங்காகப் படித்து, பூஜ்யங்களையும் நீக்கி நாங்கள் வைத்திருந்த ஒன்பது இரவின் எண்களும் ஒருவேளை இரண்டு மூன்று கூடுதலாக இருந்திருக்கும். தம்பி காரில் திரும்பும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சென்சாரே தப்பா சொன்னா, கோடு என்னக்கா பண்ணும்?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணாது என்றேன். அதற்குத்தான் ஊசி.

அப்பா பின்சீட்டிலிருந்து தந்தியில் இதற்கு வழி உண்டு என்றார்கள். ஒவ்வொரு தந்தியின் தலையிலும் மொத்தம் எத்தனை சொல் என்று எண் இருக்கும். வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பார், ஒன்று குறைந்தாலும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்பார். "இப்போ அதை செக்சம்னு சொல்றாங்க தாத்தா" என்றார் தம்பி. ஜி.பி.எஸ். கருவிகள் அனுப்புகிற வரியின் கடைசியில் இருக்கிறதாம், இரத்தப் பரிசோதனைக் கருவிகளிலும் உண்டு. எங்கள் ஆக்சிமீட்டரின் வரியில் அது இல்லை. ஆனால் அப்பா இன்னொன்றும் சொன்னார்கள். ஐந்து பிட் முறையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே குறி, நடுவில் 'இனி எண்' என்று ஒரு சிக்னல் வரும். கம்பியில் அது தொலைந்தால் ஐயாயிரம் என்பது 'டி.பி.பி.பி.' என்று அச்சாகும். புதிதாய் வந்தவன் திரும்ப அனுப்பச் சொல்வான், பழகினவன் பார்த்ததும் ஐயாயிரம் என்று படித்துவிடுவான். "ஆனா படிச்சுட்டு, கேட்டு உறுதி பண்ணிக்கணும். மணியார்டர்லா!" என்றார்கள்.

முறைப்படி எடுத்த இரவு டெஸ்டிலும் விடியற்காலை இறக்கம் வந்தது. அப்பாவுக்கு இரவில் இரண்டு லிட்டர் ஆக்சிஜன் எழுதினார்கள். விமானத்துக்காகத் தனியாக ஒரு டெஸ்ட். 8000 அடியில் கிடைக்கிற அளவுக்கு, சுமார் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை மாஸ்க்கில் சுவாசிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் 84. இரண்டு லிட்டர் கொடுத்ததும் 93. டாக்டர் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார், ஆக்சிஜனோடு.

கையில் தூக்கிப் போகிற கான்சன்ட்ரேட்டரை விமானத்துக்குள் கொண்டுபோகலாம். ஆனால் பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி வைத்திருக்க வேண்டும் என்று விமானக் கம்பெனி கேட்கலாம். முதல் விமானமே 16 மணி நேரம், ஆகவே 24 மணி நேரத்துப் பேட்டரி. நம் சபையில் இரண்டு குடும்பம் தங்களிடம் இருந்த பேட்டரிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எது எவ்வளவு நேரம் வரும் என்று தம்பி ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, டேப் ஒட்டி மணி நேரம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று கம்பெனி சொன்னதில் பாதிதான் வந்தது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டோம்.

அப்பா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் போட்டாயிற்று. அங்கே இருக்கிறது விரலில் மாட்டுகிற சின்னக் கருவி, போர்ட் எதுவும் கிடையாது. தினமும் படுக்கும்போதும் எழும்போதும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதி, காலையில் வாட்ஸ்ஆப்பில் எனக்கும் தம்பிக்கும் அனுப்புகிறார்கள். இரவு 10:05, 92, 74. காலை 5:40, 93, 70. கடைசியில் எப்போதும் 'எண்கள் 6' என்று இருக்கும். போன வாரம் ஒரு நாள் ஐந்துதான் இருந்தது. நான் வார்டில் இருந்தேன். நான் பார்ப்பதற்குள் தம்பி, "தாத்தா, ஒன்று குறைகிறது, திரும்ப அனுப்பவும்" என்று பதில் போட்டிருந்தார்.